எல்லாத்துக்கும் கால்சியம் காரணம் இல்லைங்க
குழந்தை உயரமா வளரலைன்னா கால்சியம் பத்தலைன்னு கட்டுரைல ஒரே வரில முடிச்சிட்டீங்க. எங்க அக்கா பையனுக்கு டைப் 2 கொலாஜன்ங்கிற புரதத்தை உண்டாக்குற ஜீன்ல மியூட்டேஷன் (மாற்றம்), அது தெரியாம மூணு வருஷம் டானிக்கா குடுத்தோம். எலும்பு நீளமா வளர்றது முனைல இருக்குற குருத்தெலும்புலதான், அதுக்கு சாரம் கட்டுன மாதிரி நிக்கிறது இந்த கொலாஜன், மூணு இழை சேர்ந்து கயிறு மாதிரி முறுக்கிக்கும், ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசின்ங்கிற குட்டி அமினோ அமிலம் இருந்தாதான் நெருக்கமா முறுக்க முடியும், அங்க பெருசா வேற ஒண்ணு வந்து உக்காந்தா போச்சு. அந்த ஜீனோட இன்னொரு காப்பி நல்லா இருந்தாலும் கெட்ட இழையும் கலந்துடும், மூணு இழைல ஒவ்வொண்ணும் நல்லதா இருக்க பாதி வாய்ப்புதான், அதனால 8ல 1 கயிறுதான் முழுசா நல்லதா தேறும்.

இந்த மியூட்டேஷன் அப்பா அம்மாவுக்கு இல்லாம புதுசாவும் வரும், தயவுசெஞ்சு பெத்தவளை குத்தம் சொல்லாதீங்க. இது இருக்குற குழந்தைக்கு கண்ணு, காது ரெண்டையும் கண்டிப்பா செக் பண்ணுங்க, விழித்திரை பிரியுற அபாயம் இருக்கு.