குப்பையைக் கொட்டினது ஆரென்று என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

யாழ்ப்பாணத்தில் களவாகக் குப்பை கொட்டுவது மிகச் சுலபம். இரவில் மோட்டார் சைக்கிளின் முன்னால் ஒரு உரப்பையை வைத்துக்கொண்டு வந்து, ஓட்டத்தைக்கூட நிறுத்தாமல் காலால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். அதை முறைப்பாடு செய்யப் போகிறவனிடம்தான் கேள்வி மேல் கேள்வி.

எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு வெறுங்காணி இருக்கிறது. சொந்தக்காரர் வெளிநாட்டில். இப்படி ஒரு காணி இல்லாத ஒழுங்கையை யாராவது எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம். காணி உறுதி ஒருவர் பெயரில், பங்கு நாலு பேருக்கு, பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன உறவினர் இப்போது கொழும்பில். வேலி விழுந்தது, பற்றை வளர்ந்தது. முதலில் யாரோ இளநீர்க் கோம்பை போட்டார்கள். பிறகு பிள்ளைகளுக்குக் கட்டிக் கழற்றின பம்பஸ் வந்தது. பிறகு கோழிக்கடைக் குடலும் இறகும். வீடு உடைத்துக் கட்டியவர்கள் பழைய கழிப்பறைக் கொமட்டையும் ரைல்ஸ் துண்டுகளையும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து பறித்தார்கள். 2017 செப்டெம்பரில் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீற் எல்லாம் எங்கே போனது என்று யோசிப்பவர்கள் எங்கள் பக்கம் வரலாம், விழாவீட்டுச் சோற்றோடு சுகமாகக் கிடக்கிறது. நாய்கள் இரவில் இழுத்துவந்து படலை வாசலில் வைத்துப் பிரிக்கும். மாடுகள் சொப்பிங் பையோடு சேர்த்துத் தின்னும்.

சரி, முறைப்பாடு செய்வோம் என்று போனால்தான் கூத்தே ஆரம்பம். எங்கள் ஒழுங்கையின் ஒரு கரை ஒரு உள்ளூராட்சிச் சபை, மறுகரை இன்னொரு சபை. "அது எங்கட பக்கம் இல்லைத் தம்பி" என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். மற்ற இடத்திலும் அதே வசனம், அதே தம்பி. இடையில் ஒருவர், வீதிக்கரை என்றால் வீதித் திணைக்களம் என்றார். இன்னொருவர், தனியார் காணிக்குள் நாங்கள் கால் வைக்க ஏலாது என்றார். அப்படியானால் பாதி வீதியிலும் பாதி காணிக்குள்ளும் கிடக்கிற பம்பஸுக்கு யார் பொறுப்பு? வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குச் சோலைவரி வாங்கும்போது மட்டும் இந்த எல்லை ஒருநாளும் பிசகுவதில்லை. எந்த வீடு யாருக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின், "உறுப்பினர்மார் இல்லை, என்ன செய்யிறது" என்ற பதில் வசதியாக இருந்தது. 2025 மே 6 இல் தேர்தலும் நடந்தது, உறுப்பினர்மாரும் வந்தார்கள். இப்போது "உங்கட வட்டார உறுப்பினரிட்டச் சொல்லுங்கோ" என்கிறார்கள். அவரிடம் சொன்னால் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு ஒரு இலக்கம் கேட்டேன். அந்த எழுதுவினைஞர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். விசரன் என்று நினைத்திருப்பார்.

இதிலெல்லாம் எனக்குப் பத்திக்கொண்டு வருவது ஒரு கேள்விதான்: "கொட்டினது ஆரெண்டு தெரியுமோ? பேரை எழுதித் தாங்கோ." ஏன் ஐயா, அதைக் கண்டுபிடிப்பது என் வேலையா? வீதியைக் கூட்டித் துப்புரவாக்குவதும் குப்பையை அகற்றுவதும் உள்ளூராட்சி மன்றத்தின் கடமை என்று மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்திலும் இருக்கிறது, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலும் இருக்கிறது. கொட்டியவனின் பெயரைக் கொண்டுவந்தால்தான் அள்ளுவோம் என்று இரண்டிலும் இல்லை. முதலில் அள்ளுங்கள், பிறகு ஆளைத் தேடுங்கள்.

பெயர் கொடுத்தால் மட்டும் என்ன நடக்கும்? பக்கத்து ஒழுங்கையில் ஒரு அக்கா கொடுத்தார். கொட்டியவர் அடுத்த நாள் அவருடைய படலையில் நின்று, "நீங்களோ என்னைப் பற்றிச் சொன்னது?" என்று கேட்டார். சிறிய ஊர் இது. அலுவலகத்தில் காலையில் சொன்னது மத்தியானம் ரீக் கடைக்கு வந்துவிடும். முறைப்பாட்டாளரின் பெயரை மறைத்து வைக்கக்கூடத் தெரியாதவர்கள், சனத்துக்குப் பொறுப்பில்லை என்று கூட்டத்தில் பேசுகிறார்கள்.

டெங்குக் காலத்தில் நடப்பது இன்னும் அருமை. 2023 முடிவிலும் 2024 தொடக்கத்திலும் இங்கே டெங்கு பரவினபோது வீடு வீடாக வந்து பார்த்தார்கள். வரத்தான் வேண்டும், நான் குறை சொல்லவில்லை. என் வீட்டுப் பூச்சாடியின் கீழ்த் தட்டில் கொஞ்சம் தண்ணீர் நின்றதற்கு எனக்கு எச்சரிக்கை, அடுத்தமுறை வழக்கு என்றார்கள். நான் கையைப் பிடிக்காத குறையாக அந்த வெறுங்காணியைக் காட்டினேன். கோம்பைக்குள்ளும் கொமட்டுக்குள்ளும் நுளம்பு குடித்தனம் நடத்துகிறது. "அதுக்குச் சொந்தக்காரர் இல்லையே" என்றார் வந்தவர்களில் ஒருவர். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பவரோடு சேர்த்துச் சொந்தக்காரரையும்தான் பிடிக்கிறது. ஆனால் வீட்டில் இருக்கிறவனைப் பிடிப்பது லேசு.

மாரி தொடங்கினால் அந்த ஊத்தை எல்லாம் எங்கே போகும்? எங்கள் பக்கம் வற்றாத ஆறும் இல்லை, அருவியும் இல்லை. காலுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றினது வடிந்து கிணற்றுக்குத்தான் வரும். அந்தக் கோழிக் குடலின் சாற்றை என் பிள்ளைகள் குடிக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கும் இலக்கம் இல்லை.

"சனம் திருந்த வேணும்" என்று தொடங்குபவர்களுக்கு ஒன்று. திருந்தட்டும், நல்லது. ஆனால் குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் எந்த நாள் வரும் என்று தெரியாமல் கட்டி வைத்த பை புழுத்தால் அந்தச் சனம் என்ன செய்யும்? கடைக்காரனின் கழிவுக்கு ஒரு ஒழுங்கும் செய்யாமல் உரிமம் மட்டும் கொடுத்தது யார்? வெறுங்கையால் இதை அள்ளுகிற தொழிலாளிகள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நகரத்தில் ஒழுங்காக அள்ளினது போய்ச் சேரும் கல்லுண்டாய்க் குப்பைமேட்டிலும் அடிக்கடி தீப்பற்றி அந்தப் பகுதிச் சனம் புகையைத்தான் குடிக்கிறது, அது வேறு கதை.

கடைசியாகக் கிடைத்த ஆலோசனை, கமரா பூட்டச் சொல்லி. மூலைவீட்டு அண்ணை தன் காசில் பூட்டினார். மோட்டார் சைக்கிள், உரப்பை, இலக்கத் தகடு எல்லாம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. சபைக்குக் கொண்டுபோனால், "இலக்கத்தை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது, பொலிசுக்குப் போங்கோ" என்றார்கள். அங்கே போனால், வழக்குப் போட வேண்டியது சபை என்றார்கள். அந்தக் காணொளி இப்பவும் என் போனில் இருக்கிறது. வாங்கிக்கொள்ள விருப்பமுள்ள உத்தியோகத்தர் யாராவது இருந்தால் வரட்டும், தேத்தண்ணியும் தருகிறேன்.