முதல் வாரம் சின்னப் படத்துக்கு

புதன்கிழமை ராத்திரி நம்ம சிங்கப்பூர் தமிழ்ப் படக் குரூப்ல நடந்தது குரூப்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். இல்லாதவங்களுக்கும் இந்நேரம் ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும், நம்ம ஆளுங்களைத் தெரியாதா. அதனால முழுக் கதையும் திரும்பச் சொல்லல. இந்த வாரம் எந்தப் படத்துக்குப் போகலாம்னு ஓட்டெடுப்பு. பெரிய ஸ்டார் படத்துக்குப் பதினொண்ணு, ஸ்டார் இல்லாத சின்னப் படத்துக்கு ஒண்ணு. அந்த ஒண்ணு நான். "அக்காவுக்கு எப்பவுமே அவார்டு படம்தான்"னு ஒருத்தர் போட்டாரு, கூடவே கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிற பொம்மை மூணு. அதுக்கு ஒன்பது லைக்கு.

சிரிச்சாச்சுல்ல? இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க.

நான் பெரிய படம் வேண்டாம்னு சொல்லவே இல்ல. அதுக்கு ரெண்டாவது வாரம் போகலாம், முதல் வாரம் சின்னப் படத்துக்குப் போகலாம்னுதான் சொன்னேன். பெரிய படம் எங்கயும் ஓடிப்போகாது. மூணு வாரம் இருக்கும், நல்லா இருந்தா அதுக்கு மேலயும் இருக்கும். சின்னப் படம் இந்த ஊர்ல ஒரு வாரம் இருந்தாலே பெரிசு. இதுல அவார்டு எங்க வந்துச்சு? இது வெறும் கணக்கு.

நம்பலன்னா டிக்கெட் செயலியைத் திறந்து பாருங்க. பெரிய படத்துக்கு நம்ம பக்கத்துத் தியேட்டர்லயே ஒரு நாளைக்கு ஆறு காட்சி. சின்னதுக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் ராத்திரி 9.40. சனி, ஞாயிறு மட்டும் போனாப் போகுதுன்னு மத்தியானம் ஒண்ணு. நான் பாக்கும்போது அதுல ஏழு சீட்டுதான் போயிருந்துச்சு. அடுத்த வாரப் பட்டியல் போடுறவர் இந்த ஏழைத்தான் பாப்பாரு. நம்ம ஓட்டெடுப்பையா பாப்பாரு?

போன வருஷம் இதே மாதிரி ஒரு படம். அம்மா பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க, அவங்க பொறந்த பட்டுக்கோட்டைப் பக்கம் மாதிரி ஊரு, வயக்காடு, அந்தப் பேச்சு. முதல் வாரம் குரூப்போட பெரிய படத்துக்குப் போனோம். வியாழக்கிழமை வந்தா சின்னப் படம் சிங்கப்பூர்ல எங்கயுமே இல்ல. ஒரு மாசம் கழிச்சு ஓடிடில வந்துச்சு. வீட்டு டிவில போட்டேன். நடுவுல குக்கர் விசில், பார்சல்காரர் பெல், பெரியம்மா ஊர்லேர்ந்து வீடியோ கால். அஞ்சு தடவை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். கடைசில பாத்தா அம்மா சோபாவுல தலை சாஞ்சு தூங்குறாங்க. எழுப்பினா, "முடிஞ்சிருச்சா? அந்தப் பையன் ஊருக்குப் போனானா இல்லையா?"ன்னாங்க. மறுபடியும் போடவான்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க.

"நாலு வாரத்துல ஓடிடில வந்துடும், எதுக்குக் காசைக் கரியாக்கணும்"னு எழுதின தம்பி, உங்களுக்குத்தான் இதைச் சொன்னேன். நாலு வாரம்னு உங்களுக்குத் தெரியுறது தியேட்டர்காரருக்குத் தெரியாதா? இந்திப் படத்துக்கு எட்டு வாரம் இடைவெளி இருந்தாத்தான் திரையே தருவோம்னு இந்தியால பெரிய மல்டிபிளக்ஸ்காரங்க பிடிவாதமா நிக்கிறாங்க. நம்ம படம் நாலு வாரத்துல வீட்டுக்கே வந்துடுது. அப்ப அந்த முதல் வாரம் எவ்வளவு முக்கியம்னு நீங்களே கணக்குப் போடுங்க. டெலிகிராம்ல திருட்டுத்தனமாப் பாத்துக்கலாம்னு எழுதினவருக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. மாசச் சம்பளம் வாங்குற ஆளு, வெக்கமா இல்லையா.

காசு விஷயம் நியாயம்தான். வார இறுதில ஒரு டிக்கெட் 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிட்ட வந்துடும், குடும்பமாப் போனா பாப்கார்னோட சேத்து ஒரு வாரக் காய்கறிச் செலவு போயிடும். ஆனா அதே குரூப்ல, மலேசியாப் பக்கம் ஜோகூர்ல டிக்கெட் மலிவுன்னு சொல்லி, சனிக்கிழமை எல்லைப் பாலத்துல மூணு மணி நேரம் நின்னு, அங்க போய்ச் சாப்பிட்டு, சாமான் வாங்கி, 200 வெள்ளி செலவழிச்சிட்டு வந்து "மிச்சம் புடிச்சோம்"னு போட்டோ போட்டவங்க யாரு? பேரு சொல்லல.

சின்னப் படம்னா எல்லாம் நல்ல படமான்னு கேப்பீங்க. இல்லதான். பாதிப் படத்துல எழுந்து வந்த அனுபவமும் உண்டு. சரி, மொக்கை பெரிய படத்துக்கு நாம போனதே இல்லையா? "முதல் பாதி பரவால்ல"ன்னு சொல்லிட்டே எஸ்கலேட்டர்ல இறங்கினோமே, அது எந்தப் படத்துக்கு?

நான் ஸ்டார் படத்துக்கு எதிரின்னு இனிமே யாரும் சொல்லாதீங்க. தீபாவளிக்கு முதல் காட்சிக்கு லீவு போட்டு, தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினவ நான். சோங் பாங் கம்பத்துல (கிராமத்துல) சுல்தான் தியேட்டர் இருந்த காலத்துல, அப்பா செம்பவாங் கப்பல் பட்டறைல வேலை முடிஞ்சு கிரீஸ் வாடையோட அப்படியே வந்து அம்மாவைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போவாராம். அவருக்குச் சண்டைப் படம்தான் வேணும், அம்மாவுக்கு அழுவாச்சிப் படம். எந்தப் படம் முதல்ல தூக்குவாங்களோ அதுக்கு முதல்ல போறதுன்னு ரெண்டு பேரும் ஒரு முடிவு வெச்சிருந்தாங்க. நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல.

இப்ப திரையே கொறஞ்சிட்டு வருது, அதையும் யோசிங்க. 1992ல பத்துத் திரையோட சிங்கப்பூரின் முதல் மல்டிபிளக்ஸ் நம்ம ஈசூன்லதான் தொறந்தாங்க. அப்ப வாய் பொளந்து பாத்தவங்கதான நாம எல்லாரும்? 2025ல புரொஜெக்டர்ங்கிற தியேட்டரை மூடிட்டாங்க, ரெண்டு வாரத்துல கேத்தே சினிப்ளெக்ஸ் தியேட்டர்களும் போயிடுச்சு. 1939லேர்ந்து இந்த ஊர்ல இருந்த பேரு அது. இருக்கிற திரைலதான் ஹாலிவுட்டு, சீனப் படம், கொரியப் படம், பேய்ப் படம் எல்லாம். மிச்சம் மீதிலதான் தமிழ். அந்த மிச்சத்துலயும் சின்னப் படத்துக்கு எது கிடைக்கும்?

ஆனா உண்மையச் சொல்றேன், எனக்குக் கோவம் இதுக்கெல்லாம் இல்ல.

பெரிய படத்துக்கு இங்க என்சி16 குடுத்திருக்காங்க, அதாவது 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அனுமதி இல்ல. என் பையனுக்கு 14. இந்தியால யூஏ 16+னு போட்டா அப்பா அம்மா கூட இருந்தாக் கூட்டிட்டுப் போகலாம். இங்க அப்படிக் கிடையாது, என்சி16னா நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாலும் வாசல்ல மாணவர் அட்டையக் கேட்டு நிறுத்திடுவாங்க. இதை நான் குரூப்ல எழுதினேன். அதுக்கு வந்த பதில்: "பையனை வீட்ல விட்டுட்டு வாங்கக்கா, அவனுக்குத் தமிழ்ப் படம் என்ன புரியவா போகுது."

அதுக்கும் லைக்கு போட்டிருக்கீங்க. யார் யாருன்னு பாத்தேன்.

என் பையன் சப்டைட்டில் படிச்சுத்தான் பாப்பான், மறைக்கல. வசனம் வர்றதுக்கு முன்னாடியே எழுத்து வந்துடுறதால, தியேட்டரே அமைதியா இருக்கும்போது இவன் மட்டும் முதல்ல சிரிப்பான். அப்புறம்தான் மத்தவங்க சிரிப்பாங்க. போன ஜூன் லீவுல ஒரு கிராமத்துப் படம். "வெள்ளாமை"ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, கீழ "கிராப்"னு போட்டிருந்தாங்க. இவன் குனிஞ்சு, "பாட்டி, வெள்ளாமைன்னா கிராப்பா?"ன்னு கேட்டான். அவ்வளவுதான். அம்மா மெதுவாச் சொல்றதா நெனச்சுக்கிட்டு அவங்க அப்பாவோட வயலு, நாத்தங்கால், தண்ணிச் சண்டை எல்லாத்தையும் ஆரம்பிச்சிட்டாங்க. முன் வரிசைல ஒரு அம்மா திரும்பி மொறைச்சாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பாட்டியும் பேரனும் நிறுத்தல. வீட்டுக்கு வர்ற பஸ்லயும் அதே பேச்சு. வீட்ல அவன் பாட்டிகிட்டப் பேசுறதே "சாப்டியா, சாப்டேன்" அளவுதான்.

அவனுக்குப் புரியாதாம்.

குரூப்ல இப்ப "அக்கா கோவமா?"ன்னு தனியா மெசேஜ் வந்துட்டிருக்கு. கட்டை விரல் மட்டும் போட்டிருக்கேன். பெரிய படத்துக்கு நல்லாப் போய்ட்டு வாங்க, ரெண்டாவது வாரம் பையன் டியூஷன் போற நேரத்துல நானும் பாத்துக்குவேன்.

நாங்க டிக்கெட் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் 1.20, ஈசூன். அம்மாவுக்கு ஓரத்து சீட்டு, முட்டி வலிக்குக் காலை நீட்டிக்கணும். எங்களுக்குப் பக்கத்துல இன்னும் நாலு சீட்டு காலியா இருக்கு.