மக்கள் காசுல சம்பளம்னா அதுல ரகசியம் எதுக்கு?

மக்கள் காசுல நடக்குற சேனல்ல சம்பளச் சீர்திருத்தம்னு பேச்செடுத்தாலே ஸ்டார் தொகுப்பாளர்களுக்கு சம்பளத்தை வெட்டுங்கன்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க. வெட்டட்டும், வேணாங்கல. ஆனா மொதல்ல உடைக்க வேண்டியது சம்பள ரகசியத்தை.

பிபிசியவே எடுத்துக்குங்க, பிரிட்டன்ல வீட்டுக்கு வீடு டிவி லைசென்ஸ் ஃபீ கட்டி நடக்குது. 2017 ஜூலைல, அதுவும் அரசாங்கம் கட்டாயப்படுத்தினதால, வருஷம் 1,50,000 பவுண்டுக்கு மேல வாங்குற பிரபலங்க பேரை வெளியிட்டாங்க, மூணுல ரெண்டு பங்கு ஆம்பளைங்க. சைனா எடிட்டரா இருந்த பெண் செய்தியாளர் கேரி கிரேசி வாங்கினது 1,35,000, அதே பொறுப்புல அமெரிக்காவைப் பாத்துக்கிட்ட ஜான் சோபலுக்கு ரெண்டு லட்சத்துக்கும் மேல! இத்தனைக்கும் சம சம்பளம்னு கேட்டுட்டுத்தான் அவங்க அந்த வேலைக்கே போனாங்க. ஏத்தித் தர்றோம்னு சொன்னப்பவும், நான் கேட்டது சமம், கூடுதல் இல்லன்னு மறுத்துட்டு 2018 ஜனவரில பதவியை விட்டாங்க. அப்புறம் பிபிசி மன்னிப்பு கேட்டு சம்பள பாக்கியைக் குடுத்துச்சு, அதையும் முழுசா பெண்ணுரிமை அமைப்புக்கே குடுத்துட்டாங்க. அந்த லிஸ்ட் வரலைன்னா இதுல எது வெளிய வந்திருக்கும் சொல்லுங்க?

பிபிசி தொகுப்பாளர் சமீரா அகமது கேஸ் இன்னும் வயித்தெரிச்சல். நேயர்கள் கருத்தைப் பேசுற நியூஸ்வாட்ச்சுக்கு அவங்களுக்கு எபிசோடுக்கு 440 பவுண்டு, அதே மாதிரி பாயிண்ட்ஸ் ஆஃப் வியூ பண்ண ஜெரமி வைனுக்கு 3,000. ஏன்னு கேட்டா, வைனோடது ஜாலியான நிகழ்ச்சியாம், கண்ணுல ஒரு குறும்பு வேணுமாம்னு பிபிசி சொல்லுச்சு. ஸ்கிரிப்ட்ல கண்ணை உருட்டுன்னு எழுதியிருந்தா உருட்டுறாரு, அதுக்கு தனித் திறமை எதுவும் தேவையில்லன்னு தீர்ப்பாயம் சொல்லி 2020 ஜனவரில அவங்க பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு.

திறமைசாலிங்க தனியார் சேனலுக்குப் போயிடுவாங்கன்னு ஒரு பயம் காட்டுவாங்க, சில பேர் விஷயத்துல அது உண்மையும்தான். ஆனா ஸ்டுடியோவுக்குள்ள ராத்திரி ஷிஃப்ட்ல எடிட் பண்றவங்க, ரிசர்ச் பண்றவங்க, காண்ட்ராக்ட்ல இருக்கிறவங்க, இவங்களுக்கு பேரம் பேசுற பலமே கிடையாது, பக்கத்து சீட்டுக்காரர் என்ன வாங்குறார்னு தெரியாம என்னத்தக் கேப்பாங்க? 2018ல சில ஆம்பளை தொகுப்பாளர்கள் தாங்களாவே சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டாங்க, நல்ல மனசு, ஆனா ஒருத்தர் மனசை நம்பி சம்பள முறை நடக்கக் கூடாது. பிபிசி ஸ்டுடியோஸ்னு வணிகக் கம்பெனி வழியா சம்பளம் போனா அந்த லிஸ்ட்ல பேரே வராது, இந்த ஓட்டையை மொதல்ல அடைக்கணும். பியூன்லேருந்து டைரக்டர் ஜெனரல் வரைக்கும் எந்த வேலைக்கு எந்த சம்பள வரம்புன்னு வெளியிடணும், யாருக்காவது அதுக்கு மேல குடுத்தா ஏன்னு எழுத்துல காரணம் வைக்கணும், கூட வேலை செய்யுறவங்க கேட்டா அதைக் காட்டணும்.