ஏழு தலையான பாவங்கள் நீதிமொழிகள் 6-ல் இல்லை

ஆங்காரத்தை (பெருமையை) முதலில் வைக்கும் ஏழு தலையான பாவங்களின் பட்டியல், அதாவது மற்றப் பாவங்களுக்கு மூலமாகத் திருச்சபை சொல்லும் ஏழு, அப்படியே பைபிளின் நீதிமொழிகள் புத்தகம் 6-ஆம் அதிகாரத்தில் இருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார், பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அங்கே இருப்பது வேறு பட்டியல்.

பைபிளை எடுத்து 6:16-19 வாசித்துப் பாருங்கள். மேட்டிமையான கண், பொய்நாவு, குற்றமற்றவர்களின் இரத்தம் சிந்தும் கை, பொய்ச்சாட்சி, கடைசியாகச் சகோதரருக்குள் விரோதத்தை உண்டாக்குவது என்று போகும். தலையான பாவங்களில் வரும் போசனப்பிரியம் (பெருந்தீனி), சோம்பல், காய்மகாரம் (பொறாமை) எதுவும் கிடையாது. குழப்பத்துக்குக் காரணம், இரண்டிலும் எண்ணிக்கை ஏழு, முதலில் நிற்பதும் பெருமை.

ஞானோபதேசத்தில் (மறைக்கல்வி வகுப்பில்) படிக்கும் பட்டியல் திருச்சபை மரபில் உருவானது. 4-ஆம் நூற்றாண்டுத் துறவி எவாக்ரியுஸ் எட்டுத் தீய எண்ணங்களைச் சொன்னார். 6-ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் பெரிய கிரகோரியார் அதை மாற்றியமைத்தார். சுவாரஸ்யம் என்னவென்றால், அவர் ஆங்காரத்தை ஏழில் ஒன்றாகவே எண்ணவில்லை. ஏழுக்கும் வேர் என்று தனியாக வைத்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, எண் 1866-ஐப் பாருங்கள். துறவி யோவான் கசியான், கிரகோரியார் ஆகியோரின் வழியில் கிறிஸ்தவ அனுபவம் வகுத்த பட்டியலாகத்தான் அது சொல்கிறது.

பெருமை பற்றி நேரடி வசனம் வேண்டுமானால் அதே புத்தகத்தில் 16:18 இருக்கிறது, அதைப் போடலாம்.