தாழைக்கோழி ஜெயிக்கலன்னா என்ன இப்போ

வெளிநாட்டு வனவிலங்கு ஓவியப் போட்டி ஒண்ணோட ஷார்ட்லிஸ்ட் வந்தாச்சு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்து அனுப்பினவங்க ஒருத்தர் பேரும் அதுல கெடையாது, நம்ம குளத்துல நிக்குற நீலத் தாழைக்கோழிப் பறவையை வரைஞ்சு அனுப்பின என் பேரும் கெடையாது. அதுல இருந்து போன் மேல போன். ஒருத்தர் ஜூரிக்கு வெள்ளக்காரன் படம் மட்டும்தான் கண்ணுல படும்னு சொல்லுகாரு, இன்னொருத்தர் இனி பிரஷ்ஷைத் தொடவே மாட்டேன்னு சொல்லுகாரு, ஒரு தம்பி படத்தை ரெண்டாக் கிழிச்சு அதையும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சிருக்கான். எடே மக்கா, அந்த காட்டன் பேப்பர் ஷீட்டு என்ன விலை விக்குன்னு தெரிஞ்சுதான் கிழிச்சியா? பின்பக்கம் வெள்ளையாத்தானே கெடக்கு, அதுல ஒரு கொக்கு வரைஞ்சிருக்கலாம்லா.

நான் ஜூரிக்கு வக்காலத்து வாங்க வரல. ஆனா அங்க என்ன நடக்குன்னு தெரியாம திட்டுறதுல அர்த்தம் இல்ல. பெரும்பாலான போட்டியில மொத ரவுண்டுல உங்க ஒரிஜினலை யாரும் பாக்குறதில்ல, நீங்க அனுப்பின இமேஜைத்தான் பாக்காங்க. ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்துல செல்போன்ல சாய்ச்சு எடுத்து அனுப்பினா பேப்பர் மஞ்சளாத் தெரியும், நீலம் எல்லாம் சாம்பலாப் போயிரும், பறவைக்கே காமாலை வந்த மாதிரி இருக்கும். இதுல ஜூரி என்ன பண்ணுவாரு? காலைல நிழல் வெளிச்சத்துல படத்தை நிமித்தி வச்சு நேரா எடுங்க, அதுக்கு காசு ஒண்ணும் வேண்டாம். இன்னொரு விஷயம், கூகிள்ல கெடச்ச யாரோ ஒரு போட்டோகிராபரோட புலியை அப்படியே பாத்து வரைஞ்சு அனுப்புறது. பல போட்டி விதியில இது ஆகாதுன்னு தெளிவாவே போட்டிருக்கான், ஒண்ணு ரெஃபரன்ஸ் உங்களுதா இருக்கணும், இல்லன்னா எடுத்தவர்கிட்ட அனுமதி வாங்கி இருக்கணும். நாம விதியைப் படிக்கிறதே கெடையாது, ஃபீஸ் கட்டுற பக்கத்துக்கு நேரா ஓடிருவோம்.

அமெரிக்காவுல டக் ஸ்டாம்ப்னு ஒண்ணு இருக்கு, வாத்து வேட்டைக்குப் போறவங்க வாங்க வேண்டிய அரசாங்க ஸ்டாம்ப், அதுல வாத்துப் படம் போட்டிருக்கும், கேள்விப்பட்டிருப்பீங்க. 1934ல ஆரம்பிச்சது. மொத ஸ்டாம்பை வரைஞ்சவர் டிங் டார்லிங்னு ஒரு பத்திரிகை கார்ட்டூனிஸ்ட். 1949ல இருந்து அதுக்கு பொதுப்போட்டி வைக்காங்க. அஞ்சு ஜட்ஜ் உக்காந்திருப்பாங்க, படம் ஒவ்வொண்ணா வரும், மொத ரவுண்டுல உள்ளயா வெளியவான்னு மட்டும்தான் ஓட்டு. மூணு பேர் உள்ளன்னு சொல்லலன்னா பெரும்பாலும் அவ்வளவுதான், கெளம்பு. இதெல்லாம் ஜனங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே நடக்கும். மாசக்கணக்கா இறகு இறகா வரைஞ்ச மனுஷனுக்கு கெடைக்கிறது கொஞ்ச வினாடி. கடைசியில ஜெயிக்கிறது ஒரே ஒரு ஆளு, அவருக்கும் அரசாங்கம் பரிசுப்பணம்னு பத்து பைசா குடுக்காது, மந்திரி கையெழுத்துப் போட்ட ஸ்டாம்ப் ஷீட் ஒண்ணு, அதுதான் பரிசு. அப்புறம் பிரிண்ட் போட்டு வித்து அவரு சம்பாதிக்கது தனிக்கதை.

எனக்கு அந்தப் போட்டியில பிடிச்ச விஷயம் யாரு ஜெயிச்சாங்கங்கிறது இல்ல. அந்த ஸ்டாம்ப் 25 டாலர். வாத்து வேட்டைக்குப் போற 16 வயசு ஆன ஆளு எவனா இருந்தாலும் வாங்கியே ஆகணும், சட்டம். அந்தக் காசுல டாலருக்கு 98 சென்ட் ஈரநிலம் வாங்கவும் பாதுகாக்கவும் போகுது. இதுவரைக்கும் 110 கோடி டாலருக்கு மேல சேந்து, 60 லட்சம் ஏக்கர் பக்கம் காப்பாத்தியிருக்காங்க. ஒரு சின்ன வாத்துப் படம், பத்து இஞ்சுக்கு ஏழு இஞ்சு, அதுக்குப் பின்னால ஒரு சட்டமும் ஒரு வசூலும் இருந்ததாலதான் இது நடந்துச்சு. லைக்ல நடக்கல. நம்ம ஆளுங்க "கன்சர்வேஷனுக்காக வரையுறேன்"னு ப்ரொஃபைல்ல போட்டுக்குறாங்க, சரி, எந்தக் காசு எங்க போச்சுன்னு கேட்டா விழிப்புணர்வுங்கிறாங்க. விழிப்புணர்வு நல்லதுதான், ஆனா அதுக்கு ரசீது கெடையாது பாருங்க, அதனால யாரு வேணும்னாலும் சொல்லிக்கலாம்.

வனவிலங்கு ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் கதையை எல்லாருக்கும் சொல்லுவேன், கேட்டவங்க மன்னிக்கணும். இங்கிலாந்துக்காரர், 2017ல காலமானாரு. சின்ன வயசுல கென்யாவுக்குப் போய் காட்டுக் காவலரா ஆகணும்னு ஆசை, போனாரு, வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்து லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியில கேட்டாரு, உனக்கு திறமை இல்லன்னு அவங்களும் அனுப்பிட்டாங்க. அப்புறம் ராபின் குட்வின்னு ஒரு ஓவியர்கிட்ட உக்காந்து தொழிலைப் படிச்சு, விமானப் படம் வரைஞ்சு வயித்தைக் கழுவிக்கிட்டு இருந்தவரை 1960ல இங்கிலாந்து விமானப்படைக்காரங்க கென்யாவுக்கு கூட்டிட்டுப் போயி, விமானம் எங்ககிட்டயே நிறைய இருக்கு, இந்த ஊரு மிருகத்தை வரைஞ்சு குடுன்னு கேட்டாங்க. ஒரு காண்டாமிருகம் வரைஞ்சாரு. அந்தக் காலத்துலதான் தான்சானியா பக்கம் விஷம் வச்ச தண்ணிக்குட்டை ஒண்ணைப் பாத்தாரு, சுத்தி 255 வரிக்குதிரை செத்துக் கெடக்கு. இனி வரையுறதுல இருந்து இதுகளுக்கு வல்லதும் செய்யணும்னு அங்கதான் முடிவு பண்ணினாருன்னு சொல்லுவாங்க. 1973ல ஒரு புலிப் படம் வரைஞ்சாரு, அதோட பிரிண்ட் வித்து வந்த காசு 1,27,500 பவுண்டு, இந்திரா காந்தி ஆரம்பிச்ச புலிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு குடுத்தாரு. 1984ல அறக்கட்டளை வச்சாரு, இப்ப அந்த அறக்கட்டளையே வருஷா வருஷம் வனவிலங்கு ஓவியப் போட்டி நடத்துது, நிதி திரட்டத்தான் நடத்துது. அதாவது தள்ளிவிடப்பட்ட ஒரு ஆளு பேருல நடக்குற போட்டியில வருஷா வருஷம் ஒருவாடு பேரு தள்ளிவிடப்படுறாங்க. இதை நெனச்சா எனக்கு சிரிப்பு வரும், கோவம் வராது. இந்த மாதிரி போட்டிக்கு நீங்க கட்டின ஃபீஸ் எங்கயும் வீணாப் போகல, தோத்தவங்க காசும் சேந்துதான் அந்த வண்டி ஓடுது.

ஆனா எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா சரியா வராது. நாம எல்லாரும் ஜெயிக்கிற மிருகத்தை வரையப் பழகிட்டோம். புலிக் கண்ணு, யானைத் தோல் சுருக்கம், சிங்கப் பிடரி. நம்ம ஊருல சிங்கம் எங்கடே இருக்கு? சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கும் வேம்பனூருக்கும் 2022ல ராம்சார் அந்தஸ்து கெடச்சுது, உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு. நாகர்கோவில்ல இருந்து பஸ் ஏறினா கால் மணி நேரம், அரை மணி நேரம். அங்க போயி ஸ்கெட்ச் புக்கோட உக்காந்த ஓவியரை நான் அதிகம் பாத்ததில்ல, ரீல்ஸ் எடுக்க வாறவங்களைத்தான் பாக்கேன். கூழைக்கடா நிக்கு, மஞ்சள் மூக்கு நாரை நிக்கு, தாமரை இலை மேல நீளவால் இலைக்கோழி நடந்து போகுது, மீசை ஆலா தண்ணியைத் தொட்டுத் தொட்டுப் பறக்கு. குளிர்காலத்துல ஊசிவால் வாத்து வரும், நான் மேல சொன்ன டக் ஸ்டாம்ப்ல வாற அதே இனம், அங்க அவன் ஸ்டாம்ப் போட்டுக் கொண்டாடுறான், இங்க ஆகாயத்தாமரைக்கு நடுவுல அது எடம் தேடிக்கிட்டுக் கெடக்கு.

நான் அனுப்பினது நீலத் தாழைக்கோழி. தண்டை ஒரு கால்ல பிடிச்சுத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோகும் பாருங்க, அந்த நேரம். ஜூரிக்குப் பிடிக்கல, சரி. பிரேம் போடாம அதைத் தேரூர் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு வயக்காரர்கிட்ட காட்டினேன். "நல்லாத்தான் வரைஞ்சிருக்கிய சார், ஆனா அந்தச் சனியன் கையில புடிச்சிருக்கது எங்க நெல்லு"ன்னாரு. ராத்திரியோட ராத்திரியா நட்ட வயலுக்குள்ள எறங்கி மிதிச்சு நாசம் பண்ணிட்டுப் போயிருது, வெடி போட்டு வெரட்டுறோம், உங்களுக்கு அது அழகு, எங்களுக்கு நட்டம். அவரு மனசு ஒண்ணும் மாறல, மாறணும்னு எதிர்பார்த்தா அது சினிமா. ஆனா ஒரு மணி நேரம் பேசினாரு, எந்தக் குளத்துல எப்ப தண்ணி வத்துது, எங்க கரையை வெட்டித் தென்னை வச்சிருக்காங்க, எந்தப் பறவை முன்னால வந்துது இப்ப வரலன்னு. பறவைகளுக்காகத்தான் வரையுறோம்னா படம் போய்ச் சேர வேண்டிய எடம் இந்த மாதிரி ஆளுங்க வீட்டுத் திண்ணைதான்னு எனக்குத் தோணுது, அது அவ்வளவு சுகமான எடமும் இல்ல.

இன்னொண்ணு. ஒரு ஊருல குளத்துக்கரைச் சுவர்ல பறவைகளைக் காப்போம்னு பெருசா எழுதி பக்கத்துல பஞ்சவர்ணக்கிளி வரைஞ்சு வச்சிருக்காங்க, தென்னமெரிக்கக் கிளி. அதுக்குக் கீழ வெள்ளை அன்னம் நீந்துது. அந்தக் குளத்துல இருக்குற ஒரு பறவைகூட அந்தச் சுவர்ல இல்ல. வரைஞ்ச ஓவியரைக் குறை சொல்ல மாட்டேன், பிளக்ஸ் வந்ததுக்கு அப்புறம் போர்டு எழுதி வயிறு வளர்த்த எத்தனை பேரு கை காஞ்சு நிக்காங்க, குடுத்த படத்தை வரைஞ்சாரு, கூலி வாங்கினாரு. ஆனா ஷார்ட்லிஸ்ட்ல வராத நம்ம படங்கள் டப்பாவுக்குள்ள சுருட்டிக் கெடக்கும்போது அந்தச் சுவர்ல தென்னமெரிக்கக் கிளி நிக்குன்னா அது நம்ம மேலதான் கேள்வி. அக்டோபர் 2ல இருந்து 8 வரைக்கும் வன உயிரின வாரம், பள்ளிக்கூடங்கள்ல ஓவியப்போட்டி வைப்பாங்க, பிள்ளைங்க கிட்டத்தட்ட எல்லாரும் புலியும் மயிலும் வரையும். தப்பு அவங்க மேல இல்ல, பாத்து வரைய தாழைக்கோழி படம் யாரு குடுத்தா?

முகலாய ராஜா ஜஹாங்கீர் காலத்து ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைஞ்ச சைபீரியக் கொக்கு கொல்கத்தா மியூசியத்துல இருக்கு. ராஜஸ்தான்ல பரத்பூர் பறவைச் சரணாலயத்துக்கு வந்துக்கிட்டு இருந்த அந்தக் கொக்கு 2002க்கு அப்புறம் வரல. டோடோ பறவையை உயிரோட பாத்து வரைஞ்ச படங்கள்ல ரொம்ப நம்பிக்கையானதுல ஒண்ணு அவருதுன்னு சொல்லப்படுற படம், டோடோ போயே போச்சு. அவரு எந்தப் போட்டிக்கும் அனுப்பல, ராஜா கேட்டாரு, கண்ணு முன்னால இருந்த பறவையை ஒழுங்கா வரைஞ்சாரு. கால் நெறம், அலகு வளைவு, இறகு அடுக்கு. அவ்வளவு ஒழுங்கா வரைஞ்சதாலதான் இன்னைக்கும் விஞ்ஞானிங்க அதை எடுத்துப் பாக்காங்க. நம்ம ஆளுங்க நிறைய பேரு பின்னணியில சூரியன் மறையுறதை அருமையா வரைவாங்க, பறவைக்குக் கால்ல விரல் எத்தனைன்னு கேட்டா முழிப்பாங்க.

இனி காசு விஷயம். தாழைக்கோழி படத்தை ஏ3 சைஸ்ல பிரிண்ட் போடப் போறேன். பிரிண்ட் செலவு என்ன, கூரியர் என்ன, எனக்கு என்ன, மீதி என்னன்னு விக்கிற போஸ்ட்லயே எழுதிருவேன். மீதியில குளத்துக்கரைப் பள்ளிக்கூடம் ஒண்ணுக்கு பைனாகுலர் வாங்கிக் குடுக்கதா இருக்கேன், பில்லையும் போடுவேன். பிரிண்ட் வேணும்னா கமென்ட்ல சொல்லுங்க, "சூப்பர் சார்"னு மட்டும் போடுறவங்க கோவிச்சுக்காதீங்க, உங்க சூப்பரை வச்சு லென்ஸ் வாங்க முடியாது.

அடுத்த வருஷத்துக்கும் அனுப்புவேன், நீங்களும் அனுப்புங்க, ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைங்க இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, நாலு பேரா சேந்து பாத்துக்கலாம். வாற ஞாயிறு தேரூர்ல வரைய உக்காருறேன், வாறவங்க வெயில் ஏறுறதுக்கு முன்னால வந்துருங்க, வெயில் ஏறினா தண்ணி கண்ணைக் கூசும், நெறம் ஒண்ணும் தெரியாது. கேமல் கலர் போதும், தொப்பி கொண்டு வாங்க, ஸ்பீக்கர் கொண்டு வராதீங்க. கிழிச்ச தம்பியும் வரணும், அந்த ரெண்டு துண்டையும் கையோட எடுத்துட்டு வாடே, பின்பக்கத்துல வரையலாம்.