யாரிடமும் சொல்லக் கூடாது என்று போனில் ஒருவர் சொன்னால்

சித்தி எங்களிடம் விஷயத்தைச் சொல்லப் பதினோரு நாள் ஆனது. போன் மோசடியில் பணம் போனதைவிட அந்தப் பதினோரு நாள்தான் இன்னமும் என்னை உறுத்துகிறது. சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, என் பேரு மட்டும் வேண்டாம்" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அழைப்பு வந்திருக்கிறது. முதலில் பதிவு செய்த குரல். உங்கள் செல்போன் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரம் அறிய 9-ஐ அழுத்தவும். அழுத்தினார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிலிருந்து பேசுவதாக ஒருவர் வந்தார். நல்ல மரியாதையான பேச்சு. உங்கள் ஆதாரை வைத்து இன்னொரு சிம் வாங்கியிருக்கிறார்கள், அதிலிருந்து தவறான மெசேஜ்கள் போயிருக்கின்றன, வெளிமாநிலத்தில் உங்கள் பேரில் எஃப்ஐஆர் இருக்கிறது என்றார். நான் வாங்கவில்லையே என்று சித்தி பதறியதும், "உங்க பேச்சைக் கேட்டாலே தெரியுதும்மா, நீங்க செஞ்சிருக்க மாட்டீங்க. நானே போலீஸுக்கு லைன் போட்டுத் தர்றேன்" என்று அவரே ஆறுதலும் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் வீடியோ கால். காக்கிச் சட்டை, பின்னால் கொடி, சுவரில் ஏதோ முத்திரை, இடையிடையே வயர்லெஸ் இரைச்சல். சித்தியின் முழுப்பெயர், ஆதார் எண், பிறந்த தேதி எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. வாட்ஸ்அப்பில் கைது வாரண்ட் ஒன்று பிடிஎஃப் கோப்பாக வந்தது. "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம். கேமராவை அணைக்கக் கூடாது. இது ரகசிய விசாரணை. யாரிடமாவது சொன்னால் அவர்களையும் வழக்கில் சேர்ப்போம்."

மதியம் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டியிருக்கிறார். தலைவலி, படுத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். பிறகு வங்கிக்குப் போகச் சொன்னார்கள், போன் இணைப்பிலேயே கைப்பைக்குள் இருந்தது. இவ்வளவு பணம் எதற்கு என்று கவுன்டரில் கேட்டார்கள். மனை வாங்குகிறோம் என்று சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று பாடம் எடுத்தவர். வைப்புத்தொகையை உடைத்து, "சரிபார்ப்புக்காக" அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் பணம் திரும்பி வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

கொஞ்ச நாள் இந்தக் கதையை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். டிராய் என்ற பெயருக்குப் பதில் கூரியரில் போதைப்பொருள் என்று வரலாம். சிபிஐ, அமலாக்கத் துறை, சுங்கத் துறை, வருமான வரித் துறை என்று எதுவும் வரலாம். உங்கள் மகன் காவல் நிலையத்தில் இருக்கிறான் என்றும் வரலாம். எண் மாறும், உடை மாறும், கதை மாறும். மாறவே மாறாதது அந்த ஒரு வரிதான்: யாரிடமும் சொல்லாதே. அது இல்லாமல் இந்த மோசடி நிற்காது. அந்தப் பக்கத்து வீட்டு அக்கா அன்று ஐந்து நிமிஷம் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் எல்லாம் உடைந்து போயிருக்கும். அது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நம் சட்டம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. அதற்கு முன்பிருந்த சட்டத்திலும் கிடையாது. உண்மையான கைது எப்படி நடக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. கைது செய்யும் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இது பிரிவு 36. கைதான செய்தியை உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். இது பிரிவு 48. வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும், அது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அதாவது உண்மையான போலீஸ் உங்களைக் கைது செய்தால், உங்கள் வீட்டுக்குச் சொல்வது அவர்களுடைய கடமை. சொல்லாதே என்று மிரட்டுகிறவர் போலீஸாக இருக்கவே முடியாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் பிரிவு 35 நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது.

சித்தி படித்தவர். அதனால் "படித்தவர்கள் ஏமாறுகிறார்களே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 2024 ஆகஸ்டில் வர்த்மான் என்ற பெரிய ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ். பி. ஓஸ்வாலிடம் சிபிஐ என்று சொல்லி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அப்போதைய தலைமை நீதிபதியின் பெயரில் போலியாக ஓர் உச்ச நீதிமன்ற விசாரணையே ஆன்லைனில் நடத்திக் காட்டினார்கள். ஓஸ்வால் அதை மறைக்கவில்லை. போலீஸில் புகார் கொடுத்தார், பத்திரிகைகளிடமும் பேசினார். 5 கோடிக்கும் மேல் மீட்கப்பட்டது. இப்படி ஏமாந்த ஒரு மூத்த தம்பதி எழுதிய கடிதத்திலிருந்துதான் 2025-இல் உச்ச நீதிமன்றம் தானாகவே இந்த மோசடியை வழக்காக எடுத்துக்கொண்டு, நாடு முழுவதும் உள்ள டிஜிட்டல் கைது வழக்குகளை விசாரிக்கும்படி அந்த வருஷம் டிசம்பரில் சிபிஐயிடம் சொன்னது. அந்தத் தம்பதியும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது.

பயந்த மூளை கணக்குப் போடாது. வயசும் படிப்பும் அங்கே உதவுவதில்லை. ஆறு மணி நேரம் சாப்பிடாமல், தண்ணீர்கூடக் கேட்டுக் குடிக்கும் நிலையில் ஒருவரை உட்கார வைத்தால் யாராக இருந்தாலும் சொன்னதைச் செய்வார்கள்.

இருந்தாலும் சில விஷயங்களை முன்பே தெரிந்து வைத்திருந்தால் பயத்துக்கு நடுவிலும் ஒரு பொறி தட்டும். டிராய் எந்தத் தனி நபருக்கும் போன் செய்து இணைப்பைத் துண்டிப்பதாகச் சொல்வதில்லை. ரிசர்வ் வங்கியில் தனி நபருக்குக் கணக்கு கிடையாது, அதனால் ரிசர்வ் வங்கிக் கணக்குக்கு அனுப்பு என்பதே பொய். எந்த அரசு அலுவலகமும் உங்கள் பணத்தைச் சரிபார்க்க அதை வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதில்லை. திரையில் தெரியும் எண்ணையும் நம்ப வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை உள்ளூர் எண் போலக் காட்ட முடியும். ஆதார் எண்ணைச் சரியாகச் சொல்கிறார்களே என்றால், நாம் எத்தனை கடையில், எத்தனை லாட்ஜில் அதன் நகலைக் கொடுத்திருக்கிறோம்!

சித்தி அனுப்பிய பணம் போன கணக்கு ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரில் இருந்தது. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் என்ற வங்கிப் பரிமாற்ற முறைகளில் அனுப்பும் முன் பெறுகிறவரின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அரசாங்கப் பணம் டிரேடர்ஸ் கணக்குக்குப் போகாது. அனுப்பும் முன் அந்தப் பெயரை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

இனி பணம் போய்விட்டால் என்ன செய்வது. 1930, சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். இந்த எண்ணை வீட்டில் எல்லோர் போனிலும் இப்போதே சேமித்து வையுங்கள். புகார் பதிவானதும் அது பணம் போன வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்கும் போகிறது. எங்கே பணம் மிச்சம் இருக்கிறதோ அங்கே முடக்குகிறார்கள். திருடனும் இதே நேரத்தில்தான் ஓடுகிறான். கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விடும் ஆட்கள் இருக்கிறார்கள், அப்படிப் பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பி, கடைசியில் ஏடிஎம்மில் எடுப்பார்கள், அல்லது கிரிப்டோவாக மாற்றிவிடுவார்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் நமக்குச் சாதகம். சித்தி பதினோராம் நாள் அழைத்தார். ஒரு சின்னத் தொகையைத்தான் முடக்க முடிந்தது.

தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் செய்யலாம். காவல் நிலையத்துக்குப் போனால், இது எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது, எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம். போன் எண், நேரம், பரிவர்த்தனை எண், வந்த பிடிஎஃப் எதையும் அழித்துவிடாதீர்கள். சித்தி பயத்தில் பாதியை அழித்துவிட்டிருந்தார்.

பணம் போகவில்லை, சந்தேகப்பட்டு வைத்துவிட்டேன் என்றாலும் புகார் செய்ய வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்‌ஷு என்ற பகுதி 2024 மார்ச்சிலிருந்து அதற்காகவே இருக்கிறது. நாம் தப்பித்துவிட்டோம் என்று விட்டுவிட்டால், அதே எண் அடுத்த அரை மணி நேரத்தில் தனியாக இருக்கும் வேறொரு சித்தியை அழைக்கும்.

மறுமுனையில் பேசுகிறவர்கள் எல்லோருமே திருடர்கள் என்றும் சொல்ல முடியவில்லை. வேலை என்று நம்பி கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் போய், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, அடி உதைக்குப் பயந்து இந்த வேலையைச் செய்த இந்திய இளைஞர்கள் மீட்கப்பட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இது தனியே எழுத வேண்டிய விஷயம்.

என் வருத்தத்துக்கு வருகிறேன். சித்தி அழுதுகொண்டே சொன்னபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எப்படி சித்தி இதையெல்லாம் நம்புனீங்க?" அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ரொம்ப நேரம் கழித்து, "இதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும், அதான் சொல்லலை" என்றார். பதினோரு நாள் அவரை அடைத்து வைத்தது அந்தக் காக்கிச் சட்டைக்காரன் மட்டும் இல்லை. இதற்கு முன் யாரோ ஏமாந்த செய்தி வந்தபோது அவர் முன்னால் நாங்கள் சிரித்தது, பேராசை என்றது, முட்டாள் என்றது எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி வந்து சொன்னால் கேள்வி கேட்காதீர்கள். "சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு 1930-ஐ அழையுங்கள். மற்றதையெல்லாம் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

போன வாரம் சித்தி அழைத்தார். "மறுபடியும் 9-ஐ அமுக்கச் சொல்லி ஒரு போன் வந்துச்சு. வச்சுட்டு நேரா உனக்குத்தான் போடறேன்." இருவரும் இணைப்பில் இருந்தபடியே சக்‌ஷுவில் அந்த எண்ணைப் பதிந்தோம். ஓடிபி வரும் இடத்தில் கொஞ்சம் தடுமாறினார். முடிந்ததும், எப்படிச் செய்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காட்ட வேண்டுமாம்.