வார்சாவின் பழைய நகரம் போலியா?

போலந்துக்குப் போகிறவர்களுக்குப் பயணக் குழுக்களில் தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: கிராக்கோவைப் பாருங்கள், வார்சாவின் பழைய நகரத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டிய போலி. இதில் சொல்லப்படும் தகவல் பெரும்பாலும் சரிதான். அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து வார்சாவில் 1944 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய எழுச்சி 63 நாள்களில் முறியடிக்கப்பட்டது. அதன் பிறகு ஜெர்மானியப் படை, மக்களை வெளியேற்றிவிட்டு, எஞ்சிய கட்டடங்களைத் தெருத் தெருவாக எரித்தும் வெடிவைத்தும் தகர்த்தது. அரண்மனைச் சதுக்கத்தில் நடையைத் தொடங்குகிறவர்கள் மூன்றாம் சிகிஸ்முந்து மன்னரின் தூணை அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். 1644இல் நிறுவி, 19ஆம் நூற்றாண்டில் தண்டை மட்டும் மாற்றிய அந்தத் தூண் 1944 செப்டம்பரில் வீழ்த்தப்பட்டது; இன்று மன்னரின் சிலையைத் தாங்கி நிற்பது 1949இல் வைத்த புதிய தூண். உடைந்த பழைய தூண்கள் அரண்மனையின் பக்கவாட்டில், புல்தரையில், ஆள் தொட்டுப் பார்க்கும் உயரத்தில் கிடக்கின்றன. ஏமாற்ற நினைக்கும் ஊர் அவற்றை அங்கே விட்டுவைத்திருக்காது.

அங்கிருந்து பேராலயத்தை ஒட்டிய சந்துக்குள் திரும்பினால், செங்கல் சுவரில் இரும்புச் சங்கிலித்தடம் ஒன்று பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எழுச்சியின்போது ஆளில்லாமல் தொலைவிலிருந்து இயக்கி வெடிக்கவைத்த ஜெர்மானிய வண்டி ஒன்றின் தடம் அது. சந்தைச் சதுக்கத்திலும் சுற்றுத் தெருக்களிலும் வீட்டு முகப்புகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஈரச் சாந்தை அடுக்கடுக்காகப் பூசி, மேலடுக்கைச் சுரண்டி அடியிலுள்ள நிறத்தை வெளிக்கொணர்ந்த கோட்டோவியங்கள் பல வீடுகளில் உள்ளன. பழைய உத்தியைக் கையாண்டாலும் அந்த உருவங்கள் அப்பட்டமாக 1950களின் ஓவியர்களுடையவை. தங்கள் காலத்தை மறைக்க அவர்கள் முயலவே இல்லை.

இந்த மறுகட்டுமானம் நினைவை மட்டும் நம்பி நடந்ததும் அல்ல. வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையினர் அளந்து வரைந்து வைத்திருந்த வரைபடங்கள், போர்க்காலத்தில் பியோத்ர்கூவ் நகரத்து மடாலயம் ஒன்றில் ஒளித்துவைக்கப்பட்டுத் தப்பின. அவற்றோடு, 18ஆம் நூற்றாண்டில் அரசவை ஓவியராக இருந்த பெர்னார்தோ பெல்லோட்டோவின் நகரக் காட்சி ஓவியங்களும் பயன்பட்டன. கட்டடக்கலைஞர் யான் சக்வதோவிச் தலைமையில் நடந்த அந்தப் பணியில் சந்தைச் சதுக்கம் 1953இல் திறக்கப்பட்டது. யுனெஸ்கோ 1980இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, ஒரு நகரத்தை ஏறத்தாழ முழுமையாக மீட்டெழுப்பிய செயலைத்தான் முதன்மையாகக் கருதியது. அரண்மனையைத் திரும்பக் கட்ட மட்டும் கம்யூனிஸ்ட் அரசு நெடுங்காலம் அனுமதி தரவில்லை. 1971இல்தான் முடிவெடுத்தார்கள், பெரும்பாலும் மக்களின் நன்கொடையில் எழும்பி 1984இல் அது பார்வையாளருக்குத் திறந்தது.

குறை சொல்வதானால் வேறு இடத்தில் சொல்ல வேண்டும். போருக்கு முன்பிருந்த நகரத்தை அவர்கள் அப்படியே திரும்பக் கட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஏற்றிய கூடுதல் மாடிகளையும், பின்கட்டுகளில் ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இணைப்புக் கட்டடங்களையும் விட்டுவிட்டு, 17, 18ஆம் நூற்றாண்டுகளின் சாயலைத் தேர்ந்தெடுத்தார்கள். முகப்புக்குப் பின்னால் குளியலறையும் வெளிச்சமும் உள்ள நவீனக் குடியிருப்புகள் வந்தன. அது வாழ வந்தவர்களுக்கு நன்மையே. ஆனால் வறுமையின் தடயமும் அதோடு அழிந்தது. செங்கல் கதையும் அவ்வளவு அழகானதல்ல. வார்சாவின் இடிபாடு போதாமல், போருக்குப் பின் போலந்தின் வசம் வந்த விரோத்சுவாவ் போன்ற முன்னாள் ஜெர்மானிய நகரங்களிலிருந்து லட்சக்கணக்கில் செங்கல் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. ஒரு நகரம் எழ இன்னொன்று உரிக்கப்பட்டது என்பதைச் சதுக்கத்து உணவகங்களின் வழிகாட்டிப் பலகைகளில் தேடினால் கிடைக்காது.

எதைத் திரும்பக் கட்டவில்லை என்பதும் நடந்தால்தான் தெரியும். பழைய நகரத்திலிருந்து மேற்கே சற்று நேரம் நடந்தால் முரானூவ் பகுதி வந்துவிடும். யூதர்கள் அடைத்துவைக்கப்பட்ட கெட்டோவின் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. அங்கே யூதர்கள் நடத்திய 1943 எழுச்சியை ஒடுக்கிய பின் நாஜிகள் அதைத் தரைமட்டமாக்கினார்கள். போருக்குப் பிறகு அந்த இடிபாட்டை முழுவதும் அகற்ற முடியாமல், அதன் மேலேயே, அதை நொறுக்கிச் செய்த கற்களையே கொண்டு, புதிய குடியிருப்புகளை எழுப்பினார்கள். பல வீடுகள் தெருமட்டத்துக்கு மேலே மேட்டில் நிற்பதும், வாசலுக்குப் படியேறிப் போக வேண்டியிருப்பதும் அதனால்தான். ஓவியத்தைப் பார்த்து அங்கே யாரும் எதையும் மீட்டெடுக்கவில்லை. வார்சாவில் அரைநாள்தான் கிடைக்கும் என்கிறவர்கள் சந்தைச் சதுக்கத்தில் காபிக்குச் செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, அந்தப் படிகளையும் பார்த்துவிட்டுப் பிறகு கிராக்கோவுக்கு ரயிலேறட்டும்.